பூட்டிய அலமாரியில் நாப்கின் வேண்டாம்

கேள்வி: நான் ஒரு பள்ளி ஆசிரியை. என் வகுப்பில் சில மாணவிகள் மாதந்தோறும் இரண்டு மூன்று நாள் வருவதில்லை. மாதவிடாய்தான் காரணம். பள்ளியிலேயே நாப்கின் வைக்கலாம் என்றேன். “அதைக் கொடுத்தால் மட்டும் வந்துவிடுவார்களா?” என்கிறார்கள் சக ஆசிரியர்கள். என்ன சொல்வது?

பதில்: பலர் வருவார்கள் என்று சொல்லுங்கள். ஆனால் அந்த ‘மட்டும்’ என்ற சொல்லில் நியாயம் இருக்கிறது. அதையும் ஒதுக்கிவிடாதீர்கள்.

அந்த நாட்களில் வகுப்பில் இருக்கும் பெண்ணைக் கவனித்திருப்பீர்கள். எழுந்திருக்கும் முன் தோழியிடம் “பின்னால பாரு” என்று கிசுகிசுப்பாள். கரும்பலகைக்குக் கூப்பிட்டால், விடை தெரிந்திருந்தும் தெரியாது என்பாள். கறை பட்டுவிடுமோ என்ற பயம்தான். நாப்கினை நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பள்ளி நேரமே அவ்வளவு ஆகிவிடும், வந்து போகும் நேரம் வேறு. மாற்ற ஒன்றுமில்லை என்றால் வீட்டிலேயே இருந்துவிடத்தான் தோன்றும். அதோடு, முதல் ஓரிரு வருடம் மாதவிடாய் நாள் தவறித்தான் வரும். பையில் எடுத்து வரவில்லையே என்று அந்தப் பிள்ளையைக் கடிந்துகொள்ள முடியுமா?

மாதம் மூன்று நாள் என்றால் பத்து மாதத்தில் முப்பது நாள். கணக்கில் ஒரு படி விட்டுப்போனால் அடுத்த படி ஏறுவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, ‘மட்டும்’ விஷயத்துக்கு வருகிறேன். நேபாளத்தில் மாணவிகளுக்கு மாதவிடாய் கப் (நாப்கினுக்குப் பதிலாக உடலுக்குள் வைத்து, கழுவித் திரும்பப் பயன்படுத்தும் சிறு கிண்ணம்) கொடுத்துப் பார்த்த ஆய்வில் வருகை கூடவில்லை. அங்கே அவர்களைப் படுத்தியது வயிற்று வலி. உகாண்டாவில் துவைத்துப் பயன்படுத்தும் நாப்கினும் பருவ வயது பற்றிய பாடமும் கொடுத்தபோது பலன் தெரிந்தது. ஸ்காட்லாந்தில் 2020இல் சட்டமே போட்டார்கள், பள்ளி கல்லூரிகளில் இலவசமாக வைக்க வேண்டும் என்று.

எங்கே வைக்கிறீர்கள் என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஆசிரியர் அறை அலமாரியில் பூட்டி, பெயர் எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தால் கூச்சப்படும் பெண் வரவே மாட்டாள். கழிப்பறையிலேயே, கேட்காமல் எடுக்கும்படி வையுங்கள். பக்கத்தில் தண்ணீரும் மூடியுள்ள குப்பைத்தொட்டியும் இருக்கட்டும். மாதாமாதம் வலியில் சுருண்டுவிடும் பெண்ணை மருத்துவரிடம் காட்டச் சொல்லி வீட்டில் பேசுங்கள். அப்புறம், நாளைக்கே அந்தக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் விழுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.