கறியும் காயும் கனியும் கூடிய கதை: கேள்வி பதில்

செல்லூரிலிருந்து ஒருவர்: கிடாவெட்டு விருந்தில் முற்றிய கறியுடன் பப்பாளிக்காய்த் துண்டு போடுவது பாண்டியர் காலத்து வழக்கம் என்று எங்கள் தெருப் பெரியவர் சொல்கிறார். உண்மைதானா ஐயா?

பப்பாளி மத்திய அமெரிக்காவின் மரம். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையில் இறங்கியதற்குப் பிறகு, போர்த்துக்கீசியர் வழியாகத்தான் அது இந்தியாவுக்கு வந்தது. எனவே மதுரையை ஆண்ட பாண்டியரின் மடைப்பள்ளியில் அது வெந்திருக்க வழியில்லை. ஆனால் பெரியவர் சொல்வதை முற்றிலும் தள்ளிவிடவும் முடியாது. கடினமான கறியை மெதுவாக்க வேண்டிய தேவை பப்பாளிக்கு வெகுகாலம் முந்தியது. புரதத்தைச் சிதைக்கும் நொதி இஞ்சியிலும் உண்டு; இஞ்சியோ ஆசியாவிலேயே விளைவது. இஞ்சி செய்துவந்த வேலையைப் பப்பாளிக்காய் இன்னும் வேகமாகச் செய்தது, அவ்வளவுதான். அதன் பாலில் உள்ள பப்பைன் 60 முதல் 70 பாகை செல்சியஸ் வெப்பத்தில் மிகத் தீவிரமாக இயங்கி, கொதிநிலையை நெருங்கும்போது செயலிழந்துவிடும். பழுத்த பப்பாளியில் பால் வற்றிவிடுவதால் காயைத்தான் போட வேண்டும். அளவு மிஞ்சினால் கறியின் மேற்பகுதி மாவாகக் குழைந்துவிடும். உள்ளே இருக்கும் கடினம் அப்படியே நிற்கும்.

நெல்பேட்டையிலிருந்து ஒருவர்: மீனுக்குப் புளி என்பது எப்போது தொடங்கியது?

இந்தக் கேள்விக்கு நம்மிடம் நல்ல சான்று இருக்கிறது. அகநானூற்றின் 60ஆம் பாடலில், கடலுக்குச் சென்ற தந்தைக்கு மகள் சோறு கொண்டு போகிறாள். உப்பை விற்றுப் பெற்ற நெல்லின் வெண்சோற்றில், அயிலை மீனை இட்டுச் சமைத்த புளிக்குழம்பை ஊற்றி, கொழுமீன் துண்டுகளையும் சேர்த்துக் கொடுக்கிறாள். புளியமரத்தின் பூர்விகம் ஆப்பிரிக்கா. ஆனால் அந்தப் பாடல் பிறந்த காலத்திலேயே அதன் காய் நம் குழம்புச்சட்டிக்குள் உரிமையோடு அமர்ந்துவிட்டது. மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து சேர இன்னும் ஆயிரம் ஆண்டுக்கு மேல் இருந்த காலம் அது.

இந்தக் கூட்டு நிலைத்ததற்குக் காரணம் சுவை மட்டுமன்று. கடல்மீன் செத்தபின் எழும் கவிச்சி வாடைக்கு டிரைமெத்தில் அமீன் என்னும், அமிலத்துக்கு எதிரான காரத்தன்மை கொண்ட பொருள் காரணம். புளியின் டார்டாரிக் அமிலம் அதனோடு சேர்ந்து, ஆவியாகாத உப்பாக அதை மாற்றிவிடுவதால், வாடை சட்டியிலேயே அடங்கிவிடுகிறது. கண்மாய் மீனுக்கு வருவது வேறு வாடை. சேற்று மணத்தைத் தரும் ஜியோஸ்மின் என்னும் பொருளே அதற்குக் காரணம். அதுவும் அமிலத்தில் சிதைந்துவிடக் கூடியது. கடலிலிருந்து தள்ளி, கண்மாய்களை நம்பி வாழ்ந்த நம் மதுரை வட்டாரத்திலும் அதே புளிக்குழம்பு ஏன் வேரூன்றியது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, அமிலம் மிகுந்த குழம்பில் கிருமிகள் மெதுவாகவே பெருகும். மீன்குழம்பை மறுநாள் வைத்துச் சாப்பிடும் பழக்கத்துக்கு இதுவே துணை நின்றது. (மறுநாள் குழம்புதான் உயர்ந்தது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.)

மேலூரிலிருந்து ஒருவர்: மீன்பிடித் தடைக்காலத்தில் மாங்காய் வருவதால்தான் கருவாட்டுக்கு மாங்காய் சேர்ந்ததா?

பொருத்தமாகத் தோன்றினாலும் காலம் இடிக்கிறது. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான தடை 2001இல்தான் நடைமுறைக்கு வந்தது. கருவாட்டு மாங்காய்க் குழம்பு அதற்கு மிகவும் மூத்தது. புளி செய்யும் வேலையை மாங்காயின் புளிப்பும் செய்யும். கூடவே, கருவாட்டின் கடும் உப்பைச் சதைப்பற்றுள்ள காய் உறிஞ்சிக்கொள்கிறது. சித்திரையில் நத்தம் பக்கத்து மாங்காய் மலிவாகக் கிடைத்ததும் இதற்குக் கைகொடுத்திருக்கும்.

தல்லாகுளத்திலிருந்து ஒருவர்: ஈரானியர் இறைச்சியைப் பழத்தோடு சமைக்கிறார்களே, நம் மரபில் அது ஏன் இல்லை?

பழத்தைக் காரத்தோடு சமைப்பது நமக்கு அந்நியமானதன்று. மாதுளையின் பசுங்காயை அரிந்து, மிளகுப்பொடியும் கறிவேப்பிலையும் கலந்து, வெண்ணெயில் வேகவைப்பதைப் பெரும்பாணாற்றுப்படை விவரிக்கிறது. ஆனால் அது அந்தணர் வீட்டு உணவு, இறைச்சி அதில் இல்லை. ஈரானியர் அதே மாதுளையின் சாற்றைக் காய்ச்சி, அரைத்த அக்ரூட் பருப்போடு வாத்தையோ கோழியையோ அதில் வேகவைத்து ஃபெசெஞ்சான் என்கிறார்கள். அந்த மரபு பாக்தாத் வழியே மேற்கே சென்று, மொராக்கோவில் உலர்ந்த பிளம்ஸ் பழத்தோடு சமைக்கும் ஆட்டுக்கறியாக நிற்கிறது. கடுங்குளிரில் பச்சைக்காய் அகப்படாத நாடுகளில் உலர்பழம் சட்டிக்குள் போனது. ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு காய் மரத்தில் தொங்கும் நாட்டில் அந்தக் கட்டாயம் எழவில்லை. நம் சமையல் காயின் புளிப்பைத் தேடியது, அவர்களுடையது கனியின் இனிப்பையும் சேர்த்துத் தேடியது என்பதே என் கணிப்பு.

அண்ணா நகரிலிருந்து ஒரு மாணவி: ஆங்கிலேயர் பன்றிக்கு ஆப்பிளும், ஆட்டுக்குட்டிக்குப் புதினாவும் வைப்பது ஏன்?

பருவமே முதற்காரணம் அம்மா. குளிர்காலத்துக்கு முன் பன்றியை அறுக்கும் இலையுதிர் காலத்தில்தான் அங்கே ஆப்பிள் பழுக்கிறது. உதிர்ந்த பழத்தையே தின்று கொழுத்த பன்றிகளும் உண்டு. இளங்குட்டி இறைச்சிக்கு வரும் வசந்தத்தில் புதினா துளிர்க்கிறது. முதலாம் எலிசபெத் அரசி கம்பளித் தொழிலைக் காக்க ஆட்டிறைச்சிக்குக் கசப்புக் கீரையைக் கட்டாயமாக்கினார் என்றொரு கதை உலவுகிறது; அதை நம்ப வேண்டாம். வாத்துக்கு ஆரஞ்சு என்றால் நம் கமலா ஆரஞ்சை நினைத்துவிடாதீர்கள். அராபியர் ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்ற கசப்பு ஆரஞ்சே முதலில் அதில் இருந்தது. நம் நாரத்தையைப் போல் வாயைச் சுருக்கும் பழம் அது.

உசிலம்பட்டியிலிருந்து ஒருவர்: சூடு, குளிர்ச்சி பார்த்துச் சேர்ப்பது நம்மிடம் மட்டும்தானா?

இல்லை. முலாம்பழம் குளிர்ச்சியும் ஈரமும் மிக்கது, தனியே உண்டால் தீங்கு என்று கிரேக்க மருத்துவ வழிவந்த ஐரோப்பியர் நம்பினார்கள். இத்தாலியர் அதனோடு உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடையைச் சேர்ப்பதில் அந்த எண்ணத்தின் தடம் தெரிகிறது.

காஜிமார் தெருவிலிருந்து ஒருவர்: தால்சாவுக்கு மாங்காய் கட்டாயமா?

கட்டாயம் மாங்காய்க்கன்று, புளிப்புக்கு. தக்காண முஸ்லிம்களின் சமையலில் பிறந்த, பருப்பும் கறியும் சேர்ந்த குழம்பான தால்சா, ஹைதராபாத்தில் சுரைக்காயும் புளியும் கொண்டது. மதுரையில் கத்திரிக்காயும் மாங்காயும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. மாங்காய் இல்லாத மாதங்களில் தயங்காமல் புளியைக் கரைத்து ஊற்றுங்கள். ஆனால் பருப்பு நன்றாக வெந்து குழைந்த பிறகே ஊற்ற வேண்டும், இல்லையேல் அமிலம் பருப்பை வேகவிடாது.