ரிட்டயர் ஆன கையில் இன்னும் வேகம் இருக்கிறது: வாசகர் கேள்வி பதில்

கே: பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் 33 வருஷம் புரோகிராமர். முதலில் ஃபோர்ட்ரான் மொழி, அப்புறம் கடைசி வரை சி மொழி. 640 கேபி மெமரிக்குள் பெரிய பெரிய கணக்குகளை அடக்கி, ராத்திரி முழுக்க ஓடுகிற வேலையை ஒரு மணி நேரத்தில் முடிக்க வைத்தவன். போன வருஷம் ஓய்வு. தெரிந்ததைச் சொல்லித்தரலாம் என்றால், ‘பெரியப்பா, இப்ப மெஷினே ஃபாஸ்ட்டு, கோட் எதுக்கு ஃபாஸ்ட்டா இருக்கணும்?’ என்கிறான் தம்பி மகன். கற்றதெல்லாம் வீண்தானா?
– ஓய்வு பெற்ற வாசகர், திருச்சி

ப: தம்பி மகன் சொல்வதில் பாதி சரி, அந்தப் பாதியை முதலில் ஒப்புக்கொண்டுவிடுங்கள். நாம் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் தந்திரங்களில் பல காலாவதியாகிவிட்டன. தசமக் கணக்குக்கென்று தனிச் சிப் (கோப்ராசஸர்) இல்லாத 8088, 286 பிராசஸர் காலத்தில் சைன் மதிப்புகளை முன்கூட்டியே கணக்கிட்டு அட்டவணையாக வைத்துக்கொள்வது பெரிய லாபம். இன்றைக்கு மெயின் மெமரி வரை போய் ஒரு எண்ணை எடுத்துவருவதற்குள் பிராசஸர் நூற்றுக்கணக்கான கூட்டல்களை முடித்துவிடும், அதனால் அட்டவணை கேஷில், அதாவது பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்ன வேக மெமரியில், இல்லையென்றால் மறுபடி கணக்குப் போடுவதே மலிவு.

நானும் ஓய்வு பெற்றவன்தான், பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு கல்லூரியில், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் லூப்பைக் கையாலேயே விரித்து எழுதும் வித்தையை அரை மணி நேரம் நடத்தினேன். முன் பெஞ்சில் இருந்த பெண் சாதாரண லூப்பையே எழுதி, கம்பைலருக்கு ‘நீயே வேகப்படுத்து’ என்று சொல்லும் ‘ஓ டூ’ கொடுத்து ஓட்டிக் காட்டினாள். என்னுடையதுதான் மெதுவாக ஓடியது. வகுப்பே சிரித்தது, நானும் சிரித்து வைத்தேன்.

ஆனால் அவள் செய்ததைக் கவனியுங்கள். பெரியவர் சொல்கிறாரே என்று நம்பாமல் அளந்து பார்த்தாள். நாம் சொல்லித்தர வேண்டியதும் அதுதான், அதை எல்லாப் பிள்ளைகளும் செய்வதில்லை. எதிர்வீட்டுப் பையனின் புராஜெக்டில் இரண்டு பட்டியல், ஒவ்வொன்றிலும் 2 லட்சம் பதிவு எண்கள், இதில் இருப்பது அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பைத்தானில் லிஸ்ட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடியிருந்தான், அதாவது ஏறக்குறைய 2,000 கோடி ஒப்பீடு. ஓடத் தொடங்கினால் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் முடியாது. ‘லேப்டாப் பழசு தாத்தா, ரேம் போடணும்’ என்றான். லிஸ்ட்டை செட்டாக மாற்றச் சொன்னேன், ஒரே ஒரு வரிதான். செட் ஒவ்வொன்றாகத் தேடாது, இருக்க வேண்டிய இடத்தை நேரே போய்ப் பார்க்கும். எண்டரை அழுத்திய விரலை எடுப்பதற்குள் முடிந்துவிட்டது. ரேம் செலவு அப்பாவுக்கு மிச்சம்.

பெரிய கம்பெனிகள் மட்டும் என்ன? ஜிடிஏ ஆன்லைன் விளையாட்டு திறக்கவே ஆறு நிமிஷம் எடுக்கிறது என்று பலரும் பல வருஷமாகப் புலம்பிக்கொண்டிருந்தார்கள். 2021-ல் வெளியாள் ஒருவர், மூல நிரல் கையில் இல்லாமலேயே, எங்கே நேரம் போகிறது என்று அளந்து பார்த்தார். 10 எம்பி பட்டியல் ஒன்றில் 63,000 சாமான்கள். ஒவ்வொரு துண்டாகப் படிக்கும்போதும் மீதிப் பட்டியல் மொத்தத்தின் நீளத்தையும் புரோகிராம் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தது. அதையும் இன்னொரு வீண் தேடலையும் சரிசெய்ததும் காத்திருப்பு சுமார் 70 சதவீதம் குறைந்தது. கம்பெனி அவருக்கு 10,000 டாலர் கொடுத்தது. மெஷின் ஃபாஸ்ட்டாக இருந்து என்ன பிரயோஜனம் என்று தம்பி மகனைக் கேளுங்கள்.

எப்படித் தொடங்குவது என்றால், புத்தகம் எழுதாதீர்கள், குறைந்தபட்சம் இப்போதைக்கு வேண்டாம். பக்கத்துக் கல்லூரியில் கடைசி வருஷ புராஜெக்ட் ஒன்றைப் பிடியுங்கள், நிஜமாகவே மெதுவாக ஓடும் ஒன்று, அந்தப் பையன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். கீபோர்டு அவனிடமே இருக்கட்டும், இது ரொம்ப முக்கியம், நமக்குக் கை துறுதுறுக்கும். வெளியே போக முடியாவிட்டால் எக்ஸர்சிசம் என்ற இலவசத் தளம் இருக்கிறது. உலகம் முழுக்க ஆட்கள் கோட் எழுதி அனுப்புகிறார்கள், நம்மைப் போன்ற தொண்டர்கள் படித்துக் கருத்துச் சொல்கிறார்கள். சி உண்டு, பழைய கோபால் (COBOL) மொழிகூட உண்டு.

கே: என் கணவரும் ரிட்டயர் ஆன புரோகிராமர். தோசை சுடுவதைக்கூட வாட்சில் அளக்கிறார். இரண்டு கல் போட்டால் நேரம் பாதியாகும் என்று பாடம் எடுக்கிறார். என்ன செய்ய?
– இல்லத்தரசி, மதுரை

ப: வேலையின் ஒரு பகுதியை மட்டும் வேகப்படுத்தினால் மீதிப் பகுதியின் நேரம் அப்படியே நிற்கும் என்ற ஆம்டால் விதி ஞாபகம் இருக்கிறதா என்று கேளுங்கள், 1967-ல் வந்தது, கட்டாயம் தெரிந்திருக்கும். மாவு அரைக்கவும் சட்னிக்கும் முக்கால் மணி நேரம், சுடுவதற்குக் கால் மணி நேரம் என்றால், நூறு கல் போட்டாலும் அந்த முக்கால் மணியில் ஒரு நிமிஷம்கூடக் குறையாது. அவர் கை வைக்க வேண்டிய இடம் தேங்காய்த் துருவி.

கே: சியில் 10,000-க்கு 10,000 அணி (மேட்ரிக்ஸ்) ஒன்றிலுள்ள எண்களையெல்லாம் கூட்டினேன். உள் லூப்பையும் வெளி லூப்பையும் இடம் மாற்றினால் பல மடங்கு மெதுவாகிறது. அதே எண்கள், அதே விடைதானே?
– பொறியியல் மாணவி, திருநெல்வேலி

ப: விடை அதேதான், நடைதான் அதிகம். மெமரியிலிருந்து பிராசஸர் ஒற்றை எண்ணாக எடுத்து வருவதில்லை. பெரும்பாலான லேப்டாப்களில் ஒரு தடவைக்கு 64 பைட், அதாவது டபுள் என்ற வகைத் தசம எண்கள் 8. சி ஒரு வரிசையை முடித்துவிட்டுத்தான் அடுத்த வரிசையை வைக்கும், ஆகவே வரிசையாகப் போனால் எட்டும் உபயோகப்படும். நெடுக்காக இறங்கினால், எட்டுக் குடம் ஏற்றிவந்த வண்டியில் ஒரு குடத்தை மட்டும் இறக்கிவிட்டு மீதியைத் திருப்பி அனுப்புகிற கதை. நெடுக்கு முடிந்து மறுபடி வருவதற்குள் அந்த ஏழும் பிராசஸருக்கு மிக அருகிலிருக்கும் கேஷை விட்டுப் போயிருக்கும். லினக்ஸ் இருந்தால் பெர்ஃப் என்ற அளக்கும் கருவியில் கேஷ் மிஸ் (தேடியது கேஷில் கிடைக்காத தடவைகள்) எண்ணிக்கையை இரண்டு விதத்துக்கும் எடுத்துப் பாருங்கள். ஃபோர்ட்ரானில் இது தலைகீழ், மேலே எழுதிய திருச்சிக்காரரைக் கேட்டால் ராத்திரி முழுக்கச் சொல்வார்.

கே: வேகமான கோட் எழுதுவது சொல்லித்தந்து வருவதா, கைராசியா?
– வாசகர், சேலம்

ப: கசுஷிகே கோட்டோ என்று ஒரு ஜப்பானியர். காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அணிப் பெருக்கலைக் கையால், பிராசஸரின் அடிமட்ட மொழியான அசெம்பிளியில் எழுதி, சிப் கம்பெனிகளே தந்த தயார் நிரல் நூலகங்களை முந்தினார். கைராசி என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்தபின், ராபர்ட் வான் டி கெயின் என்ற பேராசிரியரோடு சேர்ந்து தன் முறையை 2008-ல் கட்டுரையாக எழுதினார். எந்தத் துண்டு எந்தக் கேஷில் இருக்க வேண்டும், மற்றவர்கள் அதிகம் கண்டுகொள்ளாத டிஎல்பியை (மெமரி முகவரிகளைக் குறித்துவைக்கும் பிராசஸரின் சிறு அட்டவணை) ஏன் கணக்கில் எடுக்க வேண்டும் என்று காரணத்தோடு. கோடும் வெளியே வந்தது. அதிலிருந்து சீனாவில் கிளைத்ததுதான் ஓப்பன்பிளாஸ் என்ற அணிக் கணக்கு நூலகம். எதிர்வீட்டுப் பையன் தன் பழைய லேப்டாப்பில் பைத்தானுக்கான நம்பை (NumPy) என்ற கணக்கு நூலகத்தை நிறுவினால், அதோடு அவனுக்கே தெரியாமல் பெரும்பாலும் வந்து உட்காருவது அதுதான்.