அந்தப் படிவத்தைக் கிழித்துப் போடு, தம்பி

லண்டனுக்கு வந்து ஏழு மாதம், ஒன்பது வயது மகன் பள்ளி வாசலில் நின்று அழுகிறான், ராத்திரியில் தூங்குவதில்லை, தனியார் மனநல ஆலோசகர் (கவுன்சிலர்) ஒரு மணி நேரத்துக்கு 80 பவுண்டு கேட்கிறார், அரசாங்கத்திடம் உதவி வாங்க டி.எல்.ஏ. படிவம் அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறாய். கூடவே வாடகை எங்கே குறைவு, இந்திய லைசென்ஸில் வண்டி ஓட்டலாமா என்றும். லைசென்ஸ் ஒரு வருஷம் செல்லும், அதற்குள் டெஸ்டை முடி. வாடகை எங்கேயும் குறைவில்லை. முதல் கேள்விக்குத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ மண்டபம், நான் தேவிபட்டினம். சும்மா விட முடியாது.

படிவத்தை அனுப்பாதே. டி.எல்.ஏ. என்பது உடல் குறைபாடோ மனநலக் குறைபாடோ உள்ள 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான தொகை. பெற்றோரின் சம்பளத்தைப் பார்க்க மாட்டார்கள். அதனால்தான் வாட்ஸ்அப் குழுக்களில் "போட்டு வை, வந்தா வரட்டும்" என்கிறார்கள். உன் வேலை விசாவில் பொதுநிதி, அதாவது அரசாங்க உதவித்தொகை, வாங்கக் கூடாது என்று நிபந்தனை இருக்கிறது. டி.எல்.ஏ. அந்தப் பொதுநிதிப் பட்டியலில் உள்ளது. பிள்ளைகளுக்குத் தரும் சைல்டு பெனிபிட் தொகையும் அதே கதைதான். வாங்கினால் விசாவை நீட்டிக்கும்போது கழுத்தில் வந்து நிற்கும். நிரந்தர வசிப்புரிமை கிடைத்த பிறகு தாராளமாகக் கேள்.

அதைக் கேட்டுப் பயந்து பிள்ளையை ஜி.பி. என்னும் குடும்ப டாக்டரிடம் காட்டாமல் இருந்துவிடாதே. நான் செய்த முட்டாள்தனம் அதுதான்.

2009இல் வந்தோம். ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டில் மூன்று குடும்பம். என் மகனுக்கு ஏழு வயது. வீட்டில் வாயாடுவான், பள்ளியில் மட்டும் ஒரு சொல் பேச மாட்டான். நான்கு மாதம். ஆசிரியை கூப்பிட்டு டாக்டரிடம் காட்டுங்கள் என்றார். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த விசாவில் பொதுநிதி கிடையாது என்று அச்சிட்டிருந்தது. ஆஸ்பத்திரியும் அதில் சேர்த்தி என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

விசா பாதிதான் காரணம். அம்மாவிடம் போனில் சொன்னபோது, "ஊருக்குக் கொண்டு வா, ஏர்வாடியில் கொஞ்ச நாள் தங்க வைப்போம்" என்றாள். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்த ஊர்ப்பெயர் என்னவென்று உனக்குத் தெரியும். மனநோய் தீரும் என்று கொண்டுவந்து, தர்காவைச் சுற்றிச் சங்கிலி போட்டு வைத்த ஆட்களைப் பார்த்துத்தான் வளர்ந்தோம். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அங்கே ஒரு தனியார் காப்பகக் கொட்டகை பற்றி எரிந்தது. சங்கிலியோடு 28 பேர் செத்தார்கள். அன்று பஸ்ஸில் யாருமே பேசவில்லை. மனநலம் என்று யாராவது சொன்னால் எனக்குள் அந்தக் கொட்டகைதான் வரும். மகனைப் பற்றி அந்தச் சொல்லை ஒரு டாக்டர் எழுதிவிடக் கூடாது என்றுதான் ஒளித்தேன். கிரெடிட் கார்டைத் தேய்த்து ஒரு தனியார் ஆளிடம் போனேன். ஐந்து மாதம், ஒரு பயனும் இல்லை.

அதில் ஒன்று தெரிந்துகொள். இந்த நாட்டில் கவுன்சிலர் என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம், சட்டத்தில் தடை இல்லை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ளத்தான் பதிவு வேண்டும். உன் 80 பவுண்டு ஆள் எந்த ரகம் என்று கேட்டாயா?

கடைசியில் வழி காட்டியது மாடியில் இருந்த யாழ்ப்பாணத்து அக்கா. "என்.எச்.எஸ். அரசாங்க ஆஸ்பத்திரி பொதுநிதியில் சேராது தம்பி, பள்ளிக்கூடமும் சேராது, பயப்பிடாதையும்" என்று கையைப் பிடித்து ஜி.பி.யிடம் கூட்டிப் போனார். நம் ராம்நாட்டு ஆட்களோ, துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போய்வரும் சபுராளிகள் மாதிரி, வீட்டில் உள்ள கஷ்டத்தை வெளியே சொல்லவே மாட்டோம். ஊருக்குப் போனால் சென்ட் வாசனையோடு சிரிப்போம்.

உன் காசு ஏற்கெனவே உள்ளே போயிருக்கிறது. விசாவோடு உனக்கும் மனைவிக்கும் வருஷத்துக்கு ஆளுக்கு 1,035 பவுண்டு, மகனுக்கு 776 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கட்டியிருப்பாய். எங்கள் காலத்தில் இது கிடையாது, 2015இல்தான் வந்தது. ஜி.பி. காம்ஸ் என்னும் பிள்ளைகள் மனநலப் பிரிவுக்கு எழுதுவார். வரிசை நீளம், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் பள்ளியில், கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கவனிக்கும் சென்கோ ஆசிரியரைப் பார். பிள்ளைக்குக் கூடுதல் உதவி தேவை என்றால் அந்த உதவியைச் சட்டப்படி எழுதித் தரும் இ.எச்.சி. திட்டத்துக்கு நீயே உள்ளூர் நிர்வாகமான கவுன்சிலுக்கு எழுதலாம், 20 வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம். அவர்கள் இழுத்தடிப்பார்கள், நீ தேதியைக் குறித்து வைத்துக்கொள். மருந்து எழுதினால் 16 வயதுக்குக் கீழே இலவசம். மனைவிக்கு ஆங்கிலம் சிரமம் என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல், அதற்கும் காசில்லை. பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதே. ஒருமுறை நான் வைத்தேன், அவன் எனக்குப் பிடித்த மாதிரி மாற்றிச் சொன்னான்.

என் மகனுக்கு இருந்தது செலக்டிவ் மியூட்டிசம், சில இடங்களில் மட்டும் வாய் திறக்க முடியாமல் போவது. பள்ளியிலேயே ஒரு பெண்மணி வாரம் ஒரு முறை அவனோடு லூடோ ஆடினார், வேறு ஒன்றும் செய்யவில்லை போலத்தான் எனக்குத் தெரிந்தது. பதினோராவது வாரம் "உங்க முறை" என்று ஆங்கிலத்தில் சொன்னானாம்.

நாளைக் காலை எட்டு மணிக்கு ஜி.பி. லைன் திறக்கும். 7.59க்கே போனைக் கையில் எடு. என்ன சொன்னார்கள் என்று எழுது, வாடகையைப் பற்றி அப்புறம் பேசுவோம்.