எரிச்சலுக்குள் இருப்பது பயம்

கேள்வி: என் மகனுக்கு 14 வயது, படிவம் 2. இரண்டு மாதத்துக்கு முன் டியூஷன் முடிந்து வரும் வழியில், சாப்பாட்டுக் கடை வாசலில் ஒருவரைப் பாராங்கத்தியால் வெட்டியதைப் பார்த்துவிட்டான். அதிலிருந்து சரியான தூக்கமில்லை. தங்கையிடம் எரிந்து விழுகிறான். அந்தச் சம்பவத்தின் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறான். "ஆம்பளப் பிள்ளை, தானா சரியாயிடுவான்" என்கிறார் அவன் அப்பா.
- ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: சகோதரி, உங்கள் மகன் கெட்டுப்போகவில்லை, பயந்துபோயிருக்கிறான். இந்த வயதில் பயம் பல நேரம் அழுகையாக வராது. எரிச்சலாகவும், கதவைச் சாத்திக்கொள்வதாகவும், பாடத்தில் மனம் ஒட்டாததாகவும் வரும். ஆபத்தைக் கண்டு பதறுகிற மூளைப் பகுதி இப்போதே வேகமாக வேலை செய்கிறது. "ஒன்றுமில்லை, அது முடிந்துவிட்டது" என்று அதை அமர்த்தும் மூளையின் முன்பகுதி முதிர ஏறக்குறைய 25 வயதாகும். அதனால்தான் தெருவில் யாராவது கத்தினாலே உடம்பு அந்தக் கடை வாசலுக்குப் போய்விடும்.

அந்த வீடியோவை அவன் ரசித்துப் பார்ப்பதாக நினைக்காதீர்கள். நடந்தது புரியாமல் தேடுகிறான். ஆனால் பார்க்கிற ஒவ்வொரு முறையும் காயம் புதிதாகிறது. கைப்பேசியைப் பிடுங்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, "இதைப் பார்க்கும்போது உனக்கு என்னய்யா ஆகுது?" என்று கேளுங்கள். அப்புறம் இருவரும் சேர்ந்து அதை அழியுங்கள். உறவினர் வாட்ஸ்அப் குழுவில் அது சுற்றினால் அங்கும் நிறுத்தச் சொல்லுங்கள். பெரியவர்களே இதைப் பரப்புவது எனக்கு மிகவும் வேதனை.

அவன் அப்பாவுக்கும் ஒரு வார்த்தை. "தோட்டத்து லயத்துல நாங்க பார்க்காத சண்டையா?" என்று நீங்கள் கேட்கலாம். பார்த்தீர்கள், உண்மைதான். அன்று உங்களிடம் யாராவது உட்கார்ந்து பேசினார்களா? 1998இல் அமெரிக்காவில் 9,500 பேருக்கு மேல் விசாரித்து ஓர் ஆய்வு வெளிவந்தது. வீட்டு அடிதடி போன்ற துன்பங்களைச் சிறுவயதில் அதிகம் அனுபவித்தவர்களிடம், பிற்காலத்தில் மனச்சோர்வும் குடிப்பழக்கமும் கூடுதலாக இருந்தன. இன்னொன்றும் உண்டு. பயந்த பையனிடம் "எங்களோட இரு, எவனும் தொடமாட்டான்" என்று ஒரு கும்பல் சொன்னால், அது அவனுக்குப் பாதுகாப்பாகத் தெரியும். அந்தப் பாதுகாப்பை முதலில் நீங்கள் கொடுங்கள்.

ஒரு மாதம் தாண்டியும் நீடிப்பதால் இனிக் காத்திருக்க வேண்டாம். அரசாங்கக் கிளினிக்கில் 1 வெள்ளிதான், மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். பள்ளிக் கவுன்சலிங் ஆசிரியரிடமும் சொல்லுங்கள். தாலியான் காசிஹ் என்ற அரசாங்க உதவித் தொலைபேசி எண் 15999 இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது. சாவைப் பற்றிப் பேசினால் அன்றே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.

டியூஷனிலிருந்து கொஞ்ச நாள் அப்பாவே அவனை ஏற்றி வரட்டும். எந்த வழியாக வருவது என்பதை அவனே சொல்லட்டும்.