இடப்பக்கம் ஜவ்வு, வலப்பக்கம் வலி: ஆபரேஷன் தேவையா?

கேள்வி: எனக்கு வயது 46, டாக்ஸி ஓட்டுகிறேன். நாலு மாதமாக வலது பிட்டத்திலிருந்து கெண்டைக்கால்வரை இழுக்கிறது. இடுப்பு வலி இல்லை. இருபது நிமிடம் உட்கார்ந்தாலே வலி தொடங்கிவிடும். எழுந்து நடந்தால் குறையும். எம்.ஆர்.ஐ.யில் கீழ்முதுகில் எல்4, எல்5 என்கிற எலும்புகளுக்கு நடுவிலுள்ள ஜவ்வு இடப்பக்கம் பிதுங்கியிருக்கிறதாம். ஆபரேஷன் என்கிறார்கள். சர்க்கரை நோயும் உண்டு.

பதில்: ஆபரேஷனுக்கு இப்போது தேதி வாங்காதீர்கள். பிதுக்கம் இடப்பக்கம், வலி வலப்பக்கம். இதை யாராவது உங்களுக்கு விளக்கினார்களா? வலியே இல்லாத நாற்பது வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்தாலும் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இந்தப் பிதுக்கம் தெரியும்.

பிட்டத்துக்குள் பிரிஃபார்மிஸ் என்று ஒரு தசை இருக்கிறது. காலுக்குப் போகும் சயாட்டிக் நரம்பு அதையொட்டித்தான் கீழே இறங்குகிறது. உங்களுக்கு அந்தத் தசை நரம்பை நெருக்குவதாகவே முதலில் சந்தேகிப்பேன். கண்டுபிடிக்கக் கை போதும். மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் டாக்டர் காலைத் தூக்க வேண்டும்; 30 முதல் 70 டிகிரிக்குள் முழங்காலுக்குக் கீழே சுரீரென்று இறங்கினால் ஜவ்வின் மேல் சந்தேகம் கூடும். பிறகு இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வலது இடுப்பையும் முழங்காலையும் மடக்கி, முழங்காலைக் கட்டில் பக்கம் அழுத்த வேண்டும். பிட்டத்தின் நடுவில் உங்கள் அதே வலி கிளம்பினால் பெரும்பாலும் இந்தத் தசைதான். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் நேரே ஸ்கேன் சீட்டு எழுதுகிறார்கள். அதில் கமிஷன் பார்க்கிற இடைத்தரகர்களும் இருக்கிறார்கள். ‘நம்ம சென்டருக்கே போங்க’ என்று வற்புறுத்தினால் விலகிவிடுங்கள்.

பின்பாக்கெட்டில் பர்ஸ் வேண்டாம். அரை மணிக்கொரு முறை வண்டியை நிறுத்தி இறங்கி நடங்கள். மல்லாந்து படுத்து, வலது கணுக்காலை இடது முழங்கால்மேல் போட்டு, இடது தொடையை நெஞ்சுப் பக்கம் இழுத்து 30 விநாடி பிடியுங்கள். மூன்று முறை, காலையும் மாலையும், ஆறு வாரம். கால் மரத்துப்போனால் இழுப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் தீராவிட்டால் அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே தசைக்குள் மரப்பு மருந்து போடலாம். சில மணி நேரம் வலி மறைந்தால் நோயும் உறுதியாகும். ஸ்டீராய்டு சேர்த்தால் சில நாள் சர்க்கரை ஏறும், முன்கூட்டியே கேளுங்கள். ஆனால் தெருமுனை கிளினிக்கில் பிட்டத்தில் வலி ஊசி கூடவே கூடாது. இடம் தப்பினால் ஊசி நரம்பிலேயே இறங்கி, பாதம் தொங்கிவிடும்.

சர்க்கரை இருப்பதால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். குறிப்பிட்ட தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுகி, நின்ற சில நிமிடங்களில் விட்டால் அது ரத்தக்குழாய் அடைப்பு. நடக்கும்போது வருகிற அந்த வலி தண்டுவடக் குறுக்கத்தால், அதாவது முதுகெலும்புக்குள் நரம்புப் பாதை குறுகியதால் என்றால் வெறுமனே நின்றால் போதாது, உட்காரவோ குனியவோ வேண்டும். கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்துப் பார்ப்பார்கள், 0.9க்குக் கீழ் வந்தால் அடைப்பு. நீண்ட நாள் சர்க்கரை நோயில் குழாய் சுண்ணாம்பேறி விறைத்திருக்கும், அளவு பொய்யாக நன்றாக வரும், 1.4 தாண்டினால் கால்விரல் அழுத்தத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். பல ஆயிரம் ரூபாய் ஸ்கேனுக்கு இருக்கிற அவசரம் இந்தச் சின்னச் சோதனைக்கு இல்லாதது எனக்கு ஆத்திரமாகவே இருக்கிறது.

சிறுநீர் அடைத்தாலோ, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாவிட்டாலோ ஆறு வாரக் கணக்கெல்லாம் கிடையாது. அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.