விழும் கல்: வந்த கடிதங்கள்

கே: பைசா கோபுரத்திலிருந்து கலிலியோ குண்டுகளைக் கீழே விழவிட்டுப் பார்த்தாரா?

ப: விழவிட்டார் என்று எழுதியது அவருடைய சீடர் விவியானி, அதுவும் கலிலியோ இறந்த பிறகு. ஸ்டெவின் என்ற கணித அறிஞர் ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரில் போட்டுப் பார்த்து 1586இல் அச்சிட்டே விட்டார், அவரைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

கே: விழும்போது வேகம் ஒரே சீராகக் கூடும் என்பது சரியா?

ப: எதோடு கூடும்? நேரத்தோடா, தூரத்தோடா? எத்தனை முறை சொல்வது, அதை எழுதாமல் கேட்காதீர்கள். கலிலியோவே 1604இல் நண்பர் சார்ப்பிக்கு எழுதிய கடிதத்தில் தூரம் என்றார், 1638 நூலில்தான் நேரம் என்று நிற்கிறது.

கே: அடுத்தடுத்த நொடிகளில் 1, 2, 3, 4 என்று தூரம் கூடும் என்று சொன்ன ஜேசு சபைப் பாதிரியார் ஃபாப்ரி முட்டாள்தானே?

ப: இந்த 'முட்டாள்தானே'வைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. முதலில், அவர் நொடி என்று சொல்லவே இல்லை, கண்ணுக்குத் தட்டுப்படாத கணங்கள் என்றார். கலிலியோவின் வரிசை 1, 3, 5, 7. இரண்டிரண்டாகச் சேர்த்தால் 4, 12, அதாவது மறுபடியும் 1:3, நேரத்தின் அலகை மாற்றினாலும் விதி மாறாது. 1, 2, 3, 4ஐச் சேர்த்தால் 3:7, விதி உடைகிறது. இன்னொரு ஜேசு சபைக்காரர் லெ காஸ்ரேயின் 1, 2, 4, 8 இன்னும் மோசம், 1:4 ஆகிவிடும். டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் இளம் வயதில் பிடித்தது இதைத்தான். ஆனால் ஃபாப்ரியின் கணங்களைப் பத்துப் பத்தாகச் சேர்த்துப் பாருங்கள், சுமார் 1:2.8 வரும், நூறு நூறாகச் சேர்த்தால் கிட்டத்தட்ட 1:3. கணம் போதுமான அளவு சிறியதென்றால் எந்தக் கோபுரத்திலிருந்து போட்டாலும் இரண்டு விதியையும் பிரிக்க முடியாது. அப்போதிருந்த கருவிகளை வைத்து அவரை யாரும் தோற்கடித்திருக்க முடியாது, சண்டை முழுக்கக் காலம் துண்டு துண்டானதா தொடர்ச்சியா என்பதில்தான். கணக்குப் போடாமல் சிரிக்காதீர்கள்.

கே: கலிலியோவின் அளவுகள் துல்லியமானவையா?

ப: 1632இல் 5 நொடியில் 100 முழம் என்றார். அந்த முழம் 58 செ.மீ. என்று வைத்தால் 60 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. உண்மையில் 120க்கு மேல். பிரெஞ்சு அறிஞர் மெர்சென் அப்போதே சந்தேகப்பட்டார்.

கே: கோபுரத்திலிருந்து யாராவது ஒழுங்காக அளந்தார்களா?

ப: இத்தாலிய வானியலாளர் ரிச்சியோலி. பொலோன்யாவின் அசினெல்லி கோபுரம், 1640கள், நேரத்துக்கு ஊசலாட்டத்தை எண்ணி எண்ணி. கலிலியோவைச் சந்தேகப்பட்டுத்தான் ஏறினார், கிடைத்ததோ 1, 3, 5, 7. அதை அப்படியே அச்சிடவும் செய்தார்.