சூடானதும் நின்றுவிடும் அம்பாசடர்: காயிலைக் கவனியுங்கள்

வணக்கம் ஐயா. வேலூரிலிருந்து ஆம்பூர் செல்லும் வழியில், உச்சி வெயிலில் உங்கள் பழைய அம்பாசடர் நின்றுவிடுவதாகவும், அரை மணி நேரம் ஆறிய பின் கிளம்புவதாகவும், பேட்டரியை மாற்றியும் பயனில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். ஸ்டார்ட்டர் நன்றாகச் சுழலும்போது பேட்டரியைச் சந்தேகிக்கத் தேவையே இல்லை. அது வீண் செலவு.

அடுத்த முறை நின்றவுடன், வண்டி ஆறுவதற்குள், ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் வயரில் மாட்டி, பெட்ரோல் கசிவு இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, பிளக் துளையிலிருந்து தள்ளி எஞ்சினின் உலோகத்தில் படும்படி வைத்து, ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். பொறி நீலமாகப் பலத்துடன் வந்தால், பெட்ரோல் குழாயில் ஆவியடைப்பு (சூட்டில் பெட்ரோல் ஆவியாகி ஓட்டத்தைத் தடுப்பது) இருக்கக்கூடும். மஞ்சளாகத் தளர்ந்து வந்தாலோ, வராமலே போனாலோ, பொறிக்கான உயர் மின்னழுத்தம் தரும் காயிலும், பாயிண்ட் முனைகள் கருகாமல் காக்கும் கண்டன்சரும்தான் முதல் சந்தேகம். காயிலின் உள் மின்காப்பு சூட்டில் விட்டுக்கொடுத்து, ஆறியதும் சரியானதுபோல நடிக்கும். ஆகவே குளிர்ந்த நிலையில் அளந்து ‘நன்றாக இருக்கிறது’ என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள். பாயிண்ட் (காயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் சுவிட்ச்) முனைகள் கருகியிருந்தால் கண்டன்சரையும் மாற்றிவிட்டு, இடைவெளியை 0.015 அங்குலத்தில் வையுங்கள்.

பலரும் பார்க்காத இடம், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்து கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் தட்டு அசையும்போதெல்லாம் வளைந்து கொடுக்கும் மெல்லிய வயர். உறை முழுதாக இருக்க, உள்ளே கம்பி அறுந்திருக்கும்.

புதுக் காயில் வாங்கும்போது, 12 வோல்ட்டில் நேரடியாக இயங்கும், பிரைமரி (உள்ளே உள்ள முதல் சுருள்) மின்தடை சுமார் 3 ஓம் உள்ள வகைதானா என்று கேட்டு வாங்குங்கள். தனி ரெசிஸ்டர் (மின்தடை) வழியாக இயங்க வேண்டிய பாலஸ்ட் வகைக் காயிலை அந்த ரெசிஸ்டர் இல்லாமல் மாட்டினால் அதுவும் சூடேறிக் கெட்டுவிடும்.